மலை நிழல் ஏறுவதற்குள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. இடம் போதாதவர்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் சண்டை போட்ட ஒருவர் நம் செஞ்சியில் இருந்தார். அவர் கண்ணைப் பற்றி, அன்றைக்கு அவர் கூடவே மலையேறின மெஹபூப் பீ எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பூவராகவன் பர்மா யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டியவர். காட்டு மரங்களின் தலையை உரசுகிறாற்போலத் தன்னந்தனியாகப் பறந்து, எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்த்து, பார்த்த இடத்திலேயே சுட வேண்டும். யுத்தம் முடிந்து வந்தவர் பஜாரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். அதற்குப்பின் கோட்டை மலையில் ஒருநாளும் ஏறியதில்லை. "மொதலாளிக்கு ஏரோப்ளேன்ல ஏறத் தெரியும், படியிலதான் ஏறத் தெரியாது" என்பான் கடையில் துணி கிழிக்கிற ராஜாங்கம்.

அறுபத்து நாலாம் வருஷம், ஆவணி. மெஹபூப் பீயின் புருஷன் சாந்த் பாஷா சீத்தாப்பழம் பறிக்க மலைக்குப் போனவர் மறுநாளும் திரும்பவில்லை. எந்த மலை என்றுகூடத் தெரியாது. நம் கோட்டை மலை மூன்றுமே அள்ளிக் கொட்டினாற்போலப் பாறைகள். கூப்பிட்டால் கூப்பிட்ட குரலே நாலு பக்கமிருந்தும் திரும்பி வரும். ஆள்தான் கூப்பிடுகிறார் என்று ஓடி ஓடி ஜனங்கள் ஓய்ந்துபோனார்கள். மெஹபூப் பீ நேரே ஜவுளிக்கடை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, மேலேந்து ஆளத் தேடத் தெரிஞ்சவரு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

அவர் முகம் வெளுத்தது. எழுந்து செருப்பை மாட்டினார்.

ராஜாங்கமும் கூட வர, மூவரும் மூன்று மலையிலும் உயரமான ராஜகிரியின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பூவராகவன் கீழே பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வெயில் சாயட்டும்."

"சாஞ்சா இருட்டிடுமே அண்ணே. தண்ணி இல்லாம கெடக்கறாரு."

"இப்ப பாத்தா பாறதாம்மா தெரியும். ஆளு இடுக்குல ஒண்டிக்குவான். வெயில் சாஞ்சா அவன் நெழலு வெளிய வந்துடும்."

"சும்மா குந்தினு இருக்கவா இம்மாந்தூரம் ஏறினோம்?" என்றான் ராஜாங்கம். மெஹபூப் பீ வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

பொழுது இறங்கியதும் அவர் எழுந்தார். சூரியன் முதுகுக்குப் பின்னால். எதிரே கிருஷ்ணகிரி மலை முழுக்க மஞ்சள் வெயில். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கறுப்பு வால். ஆனால் அவர்கள் நின்ற ராஜகிரியின் நிழலும் வயல்களைத் தாண்டிப் போய் எதிர் மலையின் அடியில் ஏறத் தொடங்கியிருந்தது. அது ஏறி முடித்தால் எல்லா நிழலும் ஒரே நிழல். அவர் கண் எங்கும் நிற்காமல், தறியில் நாடா ஓடுகிறமாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. கால் மலை கறுத்தது. பாதி மலை கறுத்தது.

"அந்த நெழலு அசையுது" என்றார் மெல்ல. "கல்லு நெழலு அசையாது."

மெஹபூப் பீக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று பாறைகளின் அடையாளத்தை அவர் ராஜாங்கத்துக்குச் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடமும் கறுத்துப்போனது.

இறங்கும்போது அவள் கேட்டாள்: "பர்மாவுலயும் இப்படித்தான் கண்டுபுடிப்பீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பிப் பாத்ததில்ல."

விளக்கோடு எதிர் மலை ஏறிப் போனால், அவர் சொன்ன இடத்தில் சாந்த் பாஷா கிடந்தார். கால் முறிந்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு. குரல் போனபின் கையை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார். முதலில் போய்ச் சேர்ந்தவர் பூவராகவன்தான். மண்டியிட்டு அந்த மனிதரின் நெற்றியை, கன்னத்தை, தாடையைத் தடவினார். மேலேயிருந்து பார்த்த ஒரு ஆளைக் கிட்டே வந்து தொட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"இன்னா மொதலாளி, அளவு எடுக்கறியா?" என்றார் சாந்த் பாஷா, மூச்சுக்காற்றாக.

ராஜாங்கம் அழுதுகொண்டே சிரித்தான். பூவராகவன் சிரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் கட்டில் கொண்டுவந்து தூக்குகிறவரை, மார்பு ஏறி இறங்குகிற இடத்தில் வைத்த உள்ளங்கையை அவர் எடுக்கவேயில்லை.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர் எங்கே சிக்கினாலும், கண்டுபிடிக்கிற கண் ஒன்று அவருக்கு வாய்க்கட்டும். கண்டவர் கை சூடாக இருக்கட்டும். உங்கள் வாசலில் யாரும் காத்துக் களைக்காமல் இருக்கட்டும், கண்ணுங்களா.