மீன் லாரிக்கு அடியில்

...எங்கேதான் போகிறது இத்தனை தண்ணீர்? ஏரிக்கரை சுண்ணாம்புகுளத்தில் மீன் கூடைகளை ஏற்றிக் கிளம்பும்போதே ரேடியேட்டர் வாய் வரை ஊற்றினேன் என்கிறான் நாகமுத்து, கும்மிடிப்பூண்டியில் டின்னைக் கவிழ்த்து மறுபடி ஊற்றினேன், இதோ புதுவாயல் வருவதற்குள் சூடு முள் சிவப்பில் போய் உட்கார்ந்துவிட்டது என்கிறான், டிரைவர் பேச்சை அப்படியே நம்பவும் முடியாது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாகவும் இல்லை... ராஜமாணிக்கம் தன் ஷெட் வாசலில் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். மீன் லாரியில் ஒழுக்கு தேடுவதைப் போல ஒரு பேஜாரு உண்டா, பலகை இடுக்கெல்லாம் ஐஸ் உருகிச் சொட்டுகிறது, வண்டி வேறு சரிவில் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, உருகினதெல்லாம் சேஸிஸ் வழியாக ஓடிவந்து எஞ்சின் அடியிலும் சொட்டுகிறது, இதில் எது மீன் தண்ணீர், எது எஞ்சின் தண்ணீர்? எஞ்சின் அடியிலிருந்து ஒரு சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைத்தான். உப்பு. அப்படியானால் மீன் தண்ணீர்தான், எஞ்சின் தண்ணீர் துரு வாடையோடு சப்பென்று இருக்கும், இந்த ரோட்டில் மீன் லாரி பார்க்கிறவன் எவனும் நாக்கைத்தான் முதலில் நம்புவான். வெளியே ஒழுக்கு இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது, அப்போது எஞ்சினுக்கு உள்ளேயேதான் போகிறது...

ஹெட்தான், கேஸ்கெட் போயிருக்கணும், இல்லாங்காட்டி ஹெட்டே விரிசல் வுட்டிருக்கும், என்று வெளியே வந்து சொன்னான். நாகமுத்து தலையை ஆட்டினான். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். எஞ்சினின் மேல்மூடி அது, ஹெட்டைக் கழற்றினால் இன்றைக்குள் மூட முடியாது, குப்பம் மொத்தமும் வலை போட்டுப் பிடித்த மீன் இந்த வெயிலில் நாறிப்போகும், கழற்றாமல் அனுப்பினால் நடுரோட்டில் எஞ்சின் ஜாம், முதலாளி துளசிராமன் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம், இந்த எஞ்சினும் போச்சுன்னா இனிமே ஸ்டியரிங்க தொடாதே என்று. டீசல் விலை ஏறினதிலிருந்து பாதி லாரிகள் ஓடாமல் நிற்கின்றன, இவனுக்கு வேறு யார் வண்டி கொடுப்பார்கள்? ராஜமாணிக்கம் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான், ஆயில் சுத்தமாக இருந்தது, தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்குமே... ஆனால் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓட்டியபோது ரேடியேட்டரில் குமிழி வந்தது, இரண்டோ மூன்றோ, அது ஹெட் வழியாகக் கசிகிற புகையா, வெறும் காற்றா? கேள்வி கேட்டால் எஞ்சின் பதிலா சொல்லும்? நாகமுத்து ஈரச் சாக்கை எடுத்துக் கூடைகள் மேல் போர்த்திக்கொண்டிருந்தான், செத்த பிள்ளையை மூடுகிற மாதிரி அத்தனை பதமாக. அதைப் பார்க்கவே பிடிக்காமல் ராஜமாணிக்கம் ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான்.

முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், ரேடியேட்டர் அடியிலிருந்த குழாயைத் திருகினான், சூடு தணிந்த தண்ணீர் சீறிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது, உதட்டில் பட்டது, துப்பப் போனவன் துப்பாமல் நின்றான். உப்பு. ரேடியேட்டருக்குள் உப்பு! இன்னா தண்ணிடா ஊத்துன, என்று கத்தியே விட்டான். நாகமுத்து பயந்துபோய், "எங்க ஊரு கெணத்துத் தண்ணிதாண்ணே. நல்ல தண்ணிக்கு எங்கூட்டுப் பொம்பளைங்க கொடத்தத் தூக்கிகினு எவ்ளோ தூரம் நடக்குறாங்க, அத்த எஞ்சினுக்கா ஊத்த முடியும்?" என்றான். ஏரிக்கரைக் கிணறெல்லாம் உப்பு என்பது தனக்குத் தெரியாதா என்ன, தெரியும், தெரிந்தும், சொட்டின உப்பு எஞ்சின் தண்ணீராகவும் இருக்கலாம் என்று யோசிக்காமல், நாக்கை நம்பி ஒரு ஹெட்டையே கழற்றப் போனேனே... குழாயை மூடி, ஷெட் பானையிலிருந்த நல்ல தண்ணீரை ஊற்றி, எஞ்சினை மட்டும் ஓட்டுடா என்றான். மறுபடியும் அடியில் போனான். துணியால் துடைத்தான், துடைத்த இடமெல்லாம் உடனே நனைந்தது, விரலில் ஒவ்வொரு சொட்டாக ஏந்திக்கொண்டே போனான், சில்லென்று, சில்லென்று, எல்லாம் ஐஸ், எஞ்சின் சூடேற ஏற வாட்டர் பம்ப்புக்கு அடியிலிருக்கும் சின்னத் துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெதுவெதுப்பாக ஒன்று விழுந்தது. இன்னொன்று. அழுகை வருகிற மாதிரி சிரிப்பு வந்தது.

பம்ப் சீல் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான், தேய்ந்த சீல் வழியே காற்று உள்ளே போனாலும் குமிழி வரும்... வருமா? வரும். ஆனால் எத்தனை வருஷத்து உப்பு உள்ளே ஓடியிருக்கிறதோ, ஹெட்டையும் அது அரித்திருந்தால்? "போலாமாண்ணே?" என்று நாகமுத்து கேட்டான், ஏற்கெனவே சீட்டில் ஏறியிருந்தான். "போ. காரனோடைல நிறுத்தி ஊத்து, செங்குன்றத்துல ஊத்து, நல்ல தண்ணியா ஊத்து. முள்ளு மேல கண்ணு இருக்கட்டும். பட்டணத்துல பம்ப வாங்கினு வா, மாத்திக்கலாம்." நாகமுத்து தலையை ஆட்டினான். லாரி ரிவர்ஸில் சரிவேறி ரோட்டைப் பிடித்தது, பின்னால் நீளமாக ஒரு ஈரக் கோடு. கையைத் துடைத்துக்கொண்டே பார்த்து நின்றவனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது, ஹெட்தான் என்று சொன்னபோதும் தன் குரல் இப்படித்தானே இருந்தது, கொஞ்சமும் ஆடாமல், அதற்கும் நாகமுத்து இதே மாதிரிதானே தலையை ஆட்டினான்...