லோடு ஓடிக்கொண்டிருக்கிறது

மேசையைத் துடைக்கிற வேகத்தில் அவருடைய லேப்டாப்பை மூடிவிட்டேன். மூடிய பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை காலை. லோடு ஓடுகிற நேரம். "அய்யய்யோ!" என்று கத்தியே விட்டேன்.

எங்கள் வீட்டில் லோடு என்றால் லாரி இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு ஊரெல்லாம் கடைகள். எல்லா பில்லும் ஒரு டேட்டாபேஸில் போய் விழும். அதை மொத்தமாக அள்ளி, படம் படமாகக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேருக்குள் கொண்டுவருவது இவர் வேலை. எந்தக் கடையில் எது விற்கிறது, எது தூங்குகிறது என்று திங்கட்கிழமை மேனேஜர் அதில்தான் பார்ப்பார். அள்ளி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். நடுவில் லேப்டாப்பை மூடினால் அறுந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன வருஷம் ஒரு தடவை மூடித் தொலைத்தேன். மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஆனால் அந்த லோடு எனக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். அது ஓடும்போது அவரால் எங்கேயும் போக முடியாது, வேறு வேலையும் பார்க்க முடியாது. திரையையே முறைத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் எழுந்து வந்து வெங்காயம் உரித்தார். அதோடு சனிக்கிழமைச் சமையல் அவர் கைக்குப் போனது. வாரம் முழுக்கப் பல் டாக்டர் கிளினிக்கில் நின்றே கால் வீங்குகிற நான், அன்று மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். மற்ற நாளில் "உம்" கொட்டுவதோடு சரி, கையில் கத்தி இருந்தால் அவருக்குப் பேச்சு வரும். சின்ன வயதில் நாய்க்குப் பயந்து மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் அழுத கதை, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பீன்ஸ் நறுக்கும்போதுதான் வெளியே வந்தது.

அதனால்தான், லோடைச் சீக்கிரமாக்கச் சொல்லி மேனேஜர் நெருக்குகிறார் என்று இரண்டு மாசம் முன்பு அவர் சொன்னதும் பதறிப்போய்க் கேட்டேன்.

"சீக்கிரம் முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் நாலு ரிப்போர்ட்டைத் தலையில கட்டுவாங்க, வேறென்ன?"

சாப்பிடும்போதுகூடத் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "பழைய பில்லெல்லாம் மாறவா போகுது? அதை ஒரு தடவை கொண்டுவந்து வச்சுட்டா, அப்புறம் புதுசை மட்டும் அள்ளினா போதும்." அது நடக்கவே கூடாது என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். புருஷன் செய்கிற வேலை விளங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது நான் கத்திய கத்தலில் கரண்டியோடு ஓடி வந்தார். மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

"தெரியாம மூடிட்டேங்க. எல்லாம் போச்சா?"

"பரவாயில்ல, விடு."

பரவாயில்லையா! இவரா சொல்கிறார்? நிமிர்ந்து பார்த்தால், கரண்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சந்தேகம் தட்டியது. திறந்தேன். திரையில் பச்சையாக ஒரு டிக், பக்கத்தில் முடிந்த நேரம். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் லோடும் முடிந்திருக்கிறது.

"எப்போலேருந்து இந்தக் கூத்து?"

"போன மாசமே சரியாயிடுச்சு."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். உன்கிட்டதான் சொல்லல."

"அந்த நாலு ரிப்போர்ட்?"

"வெள்ளிக்கிழமையே முடிச்சுடுறேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"சொன்னா நீ எழுந்து வந்து கரண்டியப் பிடுங்கிக்குவ."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. லேப்டாப்பைத் திறந்தபடியே மேசை நடுவில் வைத்தேன்.

"யாரும் தொடாதீங்க. லோடு அறுந்துடும்."

"ஆமாமா, இன்னும் பாதிகூட ஆகல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். "அந்த நாய்க் கதையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தார். மேசைமேல் திரை மெல்ல மங்கித் தானாகவே அணைந்தது. யாரும் எழுந்து போகவில்லை.