தண்டோராக்காரன் லாம்பர்ட் வாய் திறக்காத வரை

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழையில் நடந்தபோது பளிச்சென்று தோன்றியது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஃபார்ஃபர் ஊரில் மழையில் நடக்காதவர் யார்?

நான் இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் முப்பாட்டன்களைத் தேடிக் கொடுக்கிறவள். கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கடிதம் வரும். பத்துப் பேர் எழுதினால் பதினொரு பேர் உடம்பில் ராஜ ரத்தம் ஓடும். தேடிப் போனால் பெரும்பாலும் பக்கத்து நகரமான டண்டீயின் சணல் ஆலை வாசலில் போய் நிற்கும். அதையும் மரியாதையாகவே எழுதி அனுப்புவேன்.

இந்த முறை கேட்டது என் அண்ணன் மகள் எஃபி. பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். அவள் புருஷன் வீட்டார் லிண்ட்ஸிகள். தங்கள் வம்சம் பழைய அரச குடும்பத்தைத் தொடுகிறது என்று கல்யாணப் பந்தியிலேயே நாலு பேரிடம் சொன்னவர்கள். அதை வம்ச விருட்சமாக வரைந்து, சட்டம் போட்டு, தொட்டிலுக்கு மேல் மாட்ட வேண்டுமாம். பொய் என்று நிரூபித்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தோடு தேடினேன். தொட்டுவிட்டது. ஒரு ராஜாவின் சித்தப்பா வழியாகச் சுற்றி வளைத்து, ஆனால் தொட்டுவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிளைகளை வெட்டாமல் முழுக் குடும்பத்தையும் வரைவது என் பழக்கம். வரைந்து முடித்த தாளில் இரண்டு கட்டங்கள் காலி. ஒன்று அடியில், எஃபியின் குழந்தைக்கு. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் பிள்ளையின் பெயரை வெளியே சொல்வதில்லை, சொன்னால் ஆகாது. "ஞாயித்துக்கிழமை வந்து நானே எழுதிக்கறேன் அத்தை" என்று சொல்லியிருந்தாள். இன்னொன்று மேலே, வலது ஓரத்தில். அதற்குக் கீழே கோடு கிடையாது. 1230 என்று ஆண்டு மட்டும் இருந்தது.

[இந்த இடத்தில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அது சாத்தித்தான் இருந்தது.]

2

எது நடந்தது, எது என் சொந்தச் சரக்கு என்று பிரித்து வைத்துவிடுகிறேன். பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

நடந்தது இது. மூன்றாம் மால்கம் என்ற அரசருக்கு இரண்டு தாரம். மூத்தாள் பிள்ளை கொஞ்ச நாள் அரியணையில் உட்கார்ந்தான், கொல்லப்பட்டான். கடைசியில் நாடு இளையாள் பிள்ளைகளிடம் போய் அங்கேயே தங்கிவிட்டது. மூத்தாள் வழி வந்தவர்கள் வடக்கே மலைகளில் இருந்துகொண்டு, தலைமுறைக்கு ஒரு தடவை இறங்கி வந்து எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்தக் குடும்பத்தில் ஆள் குறைந்தது.

(அவர்கள் உண்மையிலேயே மூத்தாள் வழிதானா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் உண்டு. அரண்மனைக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் இத்தனை பேரைக் கொன்றிருக்க வேண்டியதில்லை.)

1230இல் மிச்சமிருந்தது ஒரு பெண் குழந்தை. பிறந்து அதிக நாள் ஆகாதது. அதை எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவந்து, தண்டோராக்காரன் உரக்க அறிவித்த பிறகு, சந்தைச் சிலுவைத் தூணருகே கொன்றார்கள். எப்படி என்று ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். நான் எழுதப் போவதில்லை.

குழந்தையின் பெயரைத் துறவி எழுதவில்லை. தண்டோராக்காரன் என்ன சொன்னான் என்றும் எழுதவில்லை. இனி வருவதெல்லாம் என் சரக்கு.

3

‘குளிர் கொட்டிய ஒரு காலையில், ஃபார்ஃபர் மக்கள் இதுவரை கண்டிராத ஒரு—’

வேண்டாம். குளிர் என்றுமே கொட்டும். மக்கள் அன்று முட்டை விற்க வந்திருப்பார்கள்.

‘ராஜா முந்தின நாள் தூங்கவேயில்லை—’

நன்றாகத் தூங்கியிருப்பார்.

‘தண்டோராக்காரன் கில்கிறிஸ்ட் மலைநாட்டு ஆள். அந்தக் குழந்தையைப் பார்த்ததும் அவன் மனம்—’

இதில் இரண்டு பக்கம் ஓடினேன். பிறகுதான் உறைத்தது. மலைநாட்டு ஆள் என்று எழுதிவிட்டால் இரக்கம் தானாக வந்துவிடும், எனக்கு வேலை மிச்சம். அது கள்ளாட்டம். கில்கிறிஸ்டை அனுப்பிவிட்டு லாம்பர்ட்டைக் கூப்பிட்டேன். கடலுக்கு அப்பால் ஃப்ளாண்டர்ஸ் நாட்டிலிருந்து பிழைக்க வந்த நெசவாளியின் மகன். மூத்தாள் இளையாள் சண்டையில் அவனுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. குரல் மட்டும் உண்டு. காணாமல் போன மாடோ, புதிய சட்டமோ, அவன் மணி அடித்துச் சொன்னால்தான் ஊரில் செல்லும். தூக்கில் போடுவதென்றாலும் அப்படித்தான். அறிவிக்காமல் கொன்றால் அது வெறும் கொலை, அறிவித்துவிட்டால் நீதி. அதனால் அவன் இல்லாமல் ஆகாது.

அன்று காலை ராஜாவின் அதிகாரியுடைய ஆள் வந்து அவனிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பேரு?" என்றான் லாம்பர்ட்.

"பேரு எதுக்கு?"

"பேரில்லாம எப்படிய்யா கூவறது? காணாமப் போன பன்னிக்கே அடையாளம் சொல்லித்தான் கூவறேன்."

"ஞானஸ்நானம் ஆகல. பேரு வெளிய வரல."

"அப்ப ஆகட்டும். ஆனதும் கூவறேன்."

பாதிரியார் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார், வர மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளில் எதுவும் நடக்கலாம். ஒரு வழக்கத்தைக் கொண்டே ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. மதியம் கடைக்குப் போய் எங்கள் ஊர் இறைச்சி பஃப்பான பிரைடியில், மேலே இரண்டு துளை போட்டதாக வாங்கித் தின்றேன். இரண்டு துளை என்றால் உள்ளே வெங்காயம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வெங்காயம் ஆகாது.

(அந்த வழக்கம் 1230இல் இருந்ததா? தெரியாது. என் அம்மா வீட்டில் இருந்தது.)

4

பக்கத்து மேஜை ஆர்ச்சியிடம் படிக்கக் கொடுத்தது என் தப்பு. பழைய நிலப் பத்திரங்கள் அவர் பொறுப்பு. யாருடைய வேலி யாருடைய வயலுக்குள் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, எதைக் கொடுத்தாலும் ஓட்டையைத்தான் முதலில் பார்ப்பார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்காது," என்றார்.

"ஏனாம்?"

"பேரு எதுக்கும்மா அவங்களுக்கு? இன்னாரோட மக, இன்னாரோட பேத்தின்னு கூவினா முடிஞ்சுது. அந்தப் புள்ள செஞ்ச குத்தமே அதுதானே."

"ஆனா அறிவிக்கணும்னா பேரு—"

"நீ தினமும் அதைத்தானே எழுதற? பேரு தெரியாத பொம்பளை எத்தனை பேரு உன் தாள்ல இன்னாரோட மகளா மட்டும் இருக்கா? அடையாளம் பத்தலைன்னு யாராவது திருப்பி அனுப்பினானா?"

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் தேநீர் போடப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மாடிப்படி வரை போய்த் திரும்பினேன்.

அவர் சொன்னது சரி. கூவுவதற்கென்று லாம்பர்ட்டின் கையில் ஒரு தாள் கொடுத்திருப்பார்களே, அதில் என்ன இருந்திருக்கும்? இந்த ராஜாவின் மகன், அவன் மகன், அவன் மகன், அவன் மகள். அது குற்றப்பத்திரிகை இல்லை, வம்ச விருட்சம். நான் வரைந்து வைத்திருப்பதும் அதுதான், இரண்டு முறை சரிபார்த்து, அழகான கையெழுத்தில். அந்தக் குழந்தை அந்தக் குடும்பத்துக் குழந்தைதான் என்று ராஜாவுக்கு யாரும் இவ்வளவு திருத்தமாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

[அந்தத் தாளை எடுத்து இரண்டாக— இல்லை. கிழிக்கவில்லை. இந்த வேலையில் இருப்பவளுக்குக் கிழிக்கக் கை வராது.]

5

வியாழக்கிழமை எஃபி குழந்தையோடு வந்தாள். தாளை மேஜையில் விரித்தேன். லிண்ட்ஸிகளைத் தாண்டி விரலை மேலே மேலே கொண்டுபோனவள் வலது ஓரத்தில் நின்றாள்.

"இது என்ன அத்தை? எழுத மறந்துட்டீங்களா?"

சொன்னேன். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எடுத்துடுங்க."

"நடந்தது, எஃபி."

"நடந்ததெல்லாம் தொட்டிலுக்கு மேல மாட்டுவாங்களா? நம்ம தாத்தா ஆறு மாசம் ஜெயில்ல இருந்ததுகூடத்தான் நடந்தது. எந்தச் சுவத்துல மாட்டியிருக்கீங்க?"

"ராஜா மட்டும் வேணும், ராஜா வீட்டுல செஞ்சது வேணாமா?"

"வேணாம். மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. அண்ணாந்து பாக்கறப்பல்லாம் அது இருக்கணுமா?"

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. சமாதானம் செய்வதற்கு வேறு எதுவும் கையில் இல்லாமல் இந்தக் கதையின் பக்கங்களை நீட்டினேன். நின்றபடியே, ஆடிக்கொண்டே படித்தாள்.

"அத்தை, இதுல குழந்தை எங்க?"

"இருக்கே. சந்தையில."

"சந்தையிலன்னா? தரையிலயா? லாம்பர்ட் நிக்கறான், அதிகாரியோட ஆளு நிக்கறான், தூணு நிக்குது. இத்துனூண்டு குழந்தை தானா நடந்தா வந்துச்சு? யாரோ ஒருத்திதானே தூக்கிட்டு வந்திருக்கணும். வழியெல்லாம் பால் குடுத்திருக்கணும். இல்லேன்னா அது அழுத அழுகையில உங்க லாம்பர்ட் கூவறது யாருக்கும் கேட்டிருக்காது."

இருபத்தாறு வருடம். ஆயிரக்கணக்கான கோடுகள் போட்டிருக்கிறேன். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று தெரியும். யார் யாரைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு என் தாளில் கோடே கிடையாது.

6

ஆக, குழந்தையைத் தூக்கி வந்தவள் கதைக்குள் வந்து சேர்ந்தாள். பெயர் வைக்கவில்லை; வைத்தால் அவளையும் யாராவது கூவிவிடுவார்கள். தாயா, பால் கொடுக்க அமர்த்திய பெண்ணா, அதுவும் எனக்குத் தெரியாது. வடக்கிலிருந்து நாள் கணக்கில் நடந்து வந்திருக்கிறாள். போர்வைக்குள் குழந்தை வயிறு நிறைந்து தூங்குகிறது. லாம்பர்ட் மணியை அடித்துவிட்டான். முட்டை விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். தாள் அவன் கையில் இருக்கிறது.

முடிவு வேண்டும்.

லாம்பர்ட் கூவ மறுத்துவிடுகிறான் என்று எழுதினேன். மதியத்துக்குள் வேறு குரல் கிடைத்துவிடும். ஆர்ச்சி சொல்லாமலே தெரிந்தது.

அவள் தூக்கி வந்திருப்பது அந்தக் குழந்தையே இல்லை. உண்மையான குழந்தை மலைக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. இதை ஆசை ஆசையாக நான்கு பக்கம் எழுதினேன். அப்படியானால் இப்போது தூணருகே இருப்பது யார் பெற்ற பிள்ளை? நான்கு பக்கத்தையும் அடித்தேன்.

கடைசியாக ஒன்று. அறுபது வருடம் தாவிவிடுவது. 1290இல், அன்று கொல்லச் சொன்ன ராஜாவின் வழியிலும் மிஞ்சியது ஒரு சிறுமிதான். பட்டம் கட்டக் கடல் வழியாக அழைத்து வரும்போது நோயில் இறந்துபோனாள். இது என் சரக்கில்லை, நடந்தது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று கதையை முடித்துவிட்டுப் பேனாவை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. ஏழு வயதுப் பெண் அது. ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தையை ஈடாக எடுத்துக்கொள்ளும் தெய்வம் எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை எஃபி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தக் கட்டம் இருக்கட்டும் அத்தை. 1230ஐ மட்டும் அழிச்சிடுங்க."

"ஆண்டை அழிக்கிறதா? நான் எந்த வேலையில இருக்கேன்னு—"

"தெரியும். அழிச்சிடுங்க. யாராவது கேட்டா, அந்த வீட்டுல இன்னொரு பொண்ணுன்னு சொல்லிக்கறேன்."

பிளேடை வைத்து மெதுவாகச் சுரண்டினேன். நான் அழித்த முதல் ஆண்டு அது. சந்தோஷமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

7

இப்போது என் தாளில் அந்த நாள் இல்லை. நான் முட்டாள் இல்லை. நான் அழித்தாலும் நடந்தது நடந்ததுதான். ஆனால் லாம்பர்ட் நான் எழுதினால்தான் வாய் திறப்பான். அவன் வரியை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் படிப்பீர்கள், படித்துவிட்டால் அறிவிப்பு முடிந்துவிடும்.

ஆனால் இப்படியே விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை. சந்தையில் அவள் குழந்தையோடு நின்றுகொண்டே இருக்கிறாள். கை மரத்துப் போயிருக்கும். யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று கூட்டத்தைப் பார்க்கிறாள். யாரும் அசைய மாட்டார்கள். இந்த ஊரில் எல்லோரும் எழுதி வைக்கப்பட்டவர்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள், எந்தத் தெரு என்று அதிகாரியின் ஆளுக்கு அத்துப்படி. நான் முன்னால் வந்தாலும் என் அப்பா பெயர் அவனுக்குத் தெரியும்.

உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் யார் பிள்ளை, யார் பேரன், யார் பேத்தி என்று ஒருத்தருக்கும் தெரியாது. உங்களைக் கூவுவதற்கு அவர்களிடம் தாளே இல்லை.

கொஞ்சம் முன்னால் வாருங்கள். பிறகு எந்தப் பக்கம் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. இதோ நீட்டுகிறாள். மெதுவாக. தலை இன்னும் நிற்கவில்லை, கையை அடியில் கொடுத்து வாங்குங்கள்.