புளியங்கொட்டை ஜாடி

எங்கள் வகுப்பில் நன்றி சொல்வதில் நான்தான் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்கில் நான் மக்கு. தையலில் துணியைவிட என் விரலைத்தான் அதிகம் தைத்திருப்பேன். பாட்டு வகுப்பில் என்னை வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

எம்டன் கப்பல் வந்து பட்டணத்தின்மேல் குண்டு போட்ட வருஷம் அது. எனக்குப் பத்து வயது. ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து புகை அடங்கவே நாளாயிற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண்ணெண்ணெய் நாறியது. ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஓடிப் போக இடமில்லாதவர்களின் பிள்ளைகள் மட்டும் ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் போனோம்.

போனோமே தவிர, யாரும் பழைய ஆளாக இல்லை. கதவு படாரென்று சாத்தினால் பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். கன்னியம்மா என்று ஒருத்தி, வகுப்பிலேயே பெரியவள், உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் ராத்திரியில் தூங்கவில்லை. அதைச் சொன்னால் அடுத்தவளும் தூங்கவில்லை என்றாள்.

சிலுவையம்மாள் டீச்சர் முதலில் அதட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் தன் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. காலையில் ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, ஏதாவது ஒரு காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னவள் ஒரு கொட்டையை ஜாடியில் போடலாம். எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், பொய் மட்டும் கூடாது. ஜாடி நிரம்புகிற அன்றைக்குப் பயம் போயிருக்கும் என்றார்.

முதல் நாள் என் முறை வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இருந்ததைச் சொன்னேன்.

"குண்டு வுழுந்த அன்னிக்கு எங்க நைனாவுக்கு வயித்தால போய்க்கினு இருந்துச்சு. அதால வேலைக்குப் போகல. அதுக்கு நன்றி."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. குண்டு விழுந்த பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. டீச்சரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் ராக்காவல். அவர் நிற்கிற கிடங்கில்தான் குண்டு விழுந்தது. அது தெரிந்ததும் டீச்சர் என் தலையைத் தடவி, இதுதான் உண்மையான நன்றி என்று எல்லோருக்கும் காட்டினார். விடுவேனா? தினமும் அதையே சொன்னேன். ஒரு நாள் எத்தனை தடவை போனார் என்று சேர்த்தேன். ஒரு நாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சேர்த்தேன். என் முறைக்காகவே எல்லோரும் காத்திருந்தார்கள். ஜாடி ஏறிக்கொண்டே வந்தது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க ஆரம்பித்தோம். டீச்சரின் வைத்தியம் பலிக்கவில்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

என் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. அது கெங்கம்மாவின் இடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு, ஒரே பலப்பத்தை உடைத்து ஆளுக்குப் பாதி. அவளுடைய அப்பா சுப்பராயன் மாமாவும் துறைமுகத்துக் காவல்காரர்தான், பகல் வேலை. குண்டு விழுந்த இடத்தில் மாமா செத்துப்போனார். துக்க வீடு, அங்கே போகாதே என்று அம்மா தடுத்துவிட்டாள். பகல் வேலைக்காரர் ராத்திரியில் அங்கே எதற்கு நின்றார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். பத்து வயது ஒன்றும் அத்தனை சின்ன வயது இல்லை.

கெங்கம்மா மறுநாள் பள்ளிக்கூடம் வருகிறாள் என்று கேள்விப்பட்ட சாயங்காலம் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா எப்போதும்போலப் பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டார். குண்டு விழுந்ததிலிருந்து அவர் தட்டைக் காலி செய்ததில்லை, பேசுவதும் இல்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று என் தம்பி லூயிஸ் எழுந்து கைகட்டி நின்று, நான் வகுப்பில் சொல்வதை அப்படியே சொல்லிக் காட்டினான். சொம்போடு ஓடுவதையும் விடவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு என் எடத்துல நின்னவன் சுப்பராயன்."

மீதியை அம்மாதான் சொன்னாள். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா என்னைத்தான் மாமா வீட்டுக்கு அனுப்பினார். நைனாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரமாட்டார் என்று மாமா போய் மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும், அதுதான் சேதி. நான் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன். மாமா போய்ச் சொல்லியிருக்கிறார். ஆள் இல்லை, நீயே இன்று ராத்திரிக்கு நில் என்று மேஸ்திரி அவரையே நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

நான் அழ வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது, வேறொன்றும் தெரியவில்லை. நான் வாசலில் நின்று சொன்னபோது கெங்கம்மா உள்ளே இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் இனி என்னோடு பேசுவாளா என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வந்தாள். எண்ணெய் காணாத தலை. என்னைப் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து பலகையைத் துடைத்தாள். ஜெபம் முடிந்தது. முறை ஒவ்வொரு பெஞ்சாக நெருங்கி வந்தது. கடலுக்கு நன்றி, மீனுக்கு நன்றி என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். எழுந்தபோது அதுவும் வரவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தி இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பாவம், டீச்சருக்கு இது ஒன்றும் தெரியாது. நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவரே எடுத்துக்கொடுத்தார்.

"சொல்லும்மா ஞானம். அன்னைக்கு உங்க அப்பா வேலைக்குப் போகல, அதானே?"

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? பொய் கூடாது என்பதுதானே சட்டம். வகுப்பு சிரித்தது. டீச்சரே எனக்காக ஒரு கொட்டையை ஜாடியில் போட்டார்.

அடுத்தது கெங்கம்மா. இன்றைக்கு வேண்டாம், உட்கார் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்துவிட்டாள். மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"ஞானம் வந்து சொன்னப்போ எங்க நைனா சாப்ட்டுகினு இருந்தாரு. அப்டியே கை கயுவப் போனாரு. அம்மா வுடல. சாப்ட்டு முடிச்சிட்டுதான் போனாரு. அதுக்கு நன்றி."

அவளே போய் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த பெஞ்சைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் அப்பா மறுபடியும் பாதியில் கையை எடுத்தார். எனக்கு என்ன வந்ததோ, கெங்கம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். மாமா பட்டினியாகப் போகவில்லை, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனாராம் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். கேட்டார்.

"இன்னா கொயம்பு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றதும் அவர் திரும்பச் சுவரிடம் போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவர் இனிமேல் திரும்பவே மாட்டார் என்று எனக்குப் பயம் வந்தது. குண்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் காலை மணி அடிக்கும்முன் கெங்கம்மாவிடம் கேட்டேன். ஒரு மாசத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்க நைனா கேக்குறாரு என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் பலகையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நெத்திலி," என்றாள். "ரெண்டாவுது வாட்டியும் வாங்கிக்கினாரு."

சாயங்காலம் அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். ரெண்டாவுது வாட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். கண்ணீர் சோற்றில் விழுந்தது, துடைக்கவில்லை. பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டு காலியானது. அம்மா எழுந்து அடுக்களைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. காலியான தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை என் முறை வந்தபோது எல்லோரும் சொம்புக் கதைக்குத் தயாராக இருந்தார்கள்.

"நெத்திலிக் கொயம்பு," என்றேன். "அதுக்கு நன்றி."

வகுப்பு சிரித்தது. சாப்பாட்டு ராமி என்று எவளோ சொன்னாள். டீச்சர் கொட்டையை எடுக்க முறத்தின் பக்கம் திரும்பினார். அதற்குள் கெங்கம்மா தன் முறைக்காகக் கையில் எடுத்து வைத்திருந்த கொட்டையை என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.