லாசரஸ் வைத்திருந்த சட்டப் புத்தகம்

பொழுது வெளுக்கும் முன்பே பல்லாவரம் மலையடிவாரத்தில் இரும்புச் சத்தம் தொடங்கிவிடும். லோகநாதன் நீளக் கம்பியைத் தூக்கித் தூக்கிப் பாறையில் குத்தி வெடிக்குழி போடுவான். ஒவ்வொரு குத்துக்கும் கல்தூள் பறந்து பல்லுக்கிடையில் நறநறக்கும். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். ஆனாலும் அந்தக் குவாரியில் அவனுக்கு ஒரு மவுசு இருந்தது. வெடி வைக்கும் நேரத்தில் பாறைமேல் நின்று சிவப்புக் கொடியைத் தூக்கி, "வெடியேய்! வெடியேய்!" என்று கத்துகிறவன் அவன்தான். அந்தக் குரலுக்கு ஜல்லி மிஷின் நிற்கும், லாரி நிற்கும், முதலாளி தனக்கோடிகூட ஆபீஸ் கொட்டகைக்குள் ஒதுங்குவார். பன்னிரண்டு வருஷமாக யாருக்கு என்ன தகராறு என்றாலும் "லோகண்ணாவைக் கேளு" என்பதுதான் பேச்சு.

எல்லாம் இந்த லாசரஸ் வந்து சேரும்வரைக்கும்.

லாசரஸ் மிஷினில் கல் போடுகிறவன். ஒல்லிப்பிச்சான். தாம்பரம் மார்க்கெட்டில் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு புத்தகத்தை வாங்கிவந்திருந்தான். தொழிலாளர் சட்டத்தையெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில், கேள்வியும் பதிலுமாகப் போட்ட கனத்த புத்தகம். அதற்குப் பைபிளுக்குப் போடுவது மாதிரி கறுப்பு உறை போட்டிருந்தான். வெடி நேரத்தில் அரைமணி வேலை ஓடாது. முன்பெல்லாம் அப்போது லோகநாதனைச் சுற்றித்தான் கூட்டம். இப்போது லாசரஸைச் சுற்றி. தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் ஒன்று சேர்க்கிறவன் இவன், வாய் பிளந்து அவர்கள் கேட்பது அவன் பேச்சையா? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. "லீவு நாள்ல வேலைக்குக் கூப்ட்டா இன்னா பண்றதுன்னு அந்த லாசரஸ் புக்குல கீதாமே, கேட்டுகினு வாயேன்" என்றாள் பெண்டாட்டி. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் கிளியம்மாளின் கையை மிஷின் பெல்ட் இழுத்துக்கொண்டது. மூன்று விரல் போயிற்று. பெல்ட்டை மறைக்கும் தகடு கழன்று ஆறு மாசமாகியும் மாட்டியபாடில்லை. இன்று காலையில் தனக்கோடி லோகநாதனைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரு காகிதத்தை நீட்டினார்.

"என் கவனக்குறைவுதான், இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கு. கிளியம்மா ஒரு கைநாட்டு வெச்சாப் போதும். நீ சொன்னாக் கேப்பா. குப்புராஜ் விஷயத்தை எவ்ளோ பதவிசா முடிச்சுக் குடுத்தே!"

"லாசரஸு இன்னாவோ புக்கு வெச்சிகினு..."

"அவன் கெடக்கறான். இந்தக் குவாரிக்குப் பெரிய மனுஷன் நீயா அவனா?"

லோகநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வாங்கித் தருகிறேன் என்று காகிதத்தை மடியில் சொருகிக்கொண்டு வந்தான்.

மத்தியானம் வெடி முடிந்தது. லாசரஸ் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து புத்தகத்தை உருவினான் லோகநாதன். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கல்குட்டைக்கரைக்குப் போனான். வீசிவிட்டால் தொல்லை ஒழிந்தது. ஆனாலும் அப்படி என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறான் என்று ஒரு நமைச்சல். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினான்.

'நஷ்டஈடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்திருந்தால்? அந்த எழுத்து செல்லாது.'

'தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று முதலாளி சொன்னால்? அதனால் மட்டும் உரிமை போய்விடாது.'

'தொழிலாளி விபத்தில் இறந்தால், நஷ்டஈட்டைக் குடும்பத்தார் கையில் கொடுத்து முடித்துவிடலாமா? முடியாது. அதற்குரிய ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்.'

கடைசிக் கேள்வியை மூன்று தடவை படித்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் பாறை சரிந்து குப்புராஜ் செத்தபோது, ஒரு மூட்டை அரிசியும் ஒரு புடவையும் வாங்கிக் கொடுத்து, அவன் மனைவி கங்கையம்மாளின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தது இந்தக் கைதான். அவள் இன்னும் இங்கேதான் ஜல்லி உடைக்கிறாள். இவனைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவாள். அந்தக் கும்பிடை நினைத்ததும் அவனுக்குக் கூசியது. நாலு வருஷமாக அதை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டோமே என்று அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை மடித்துவைத்துப் புத்தகத்தோடு பாறைமேல் ஏறினான். கொடியைத் தூக்கினான்.

"வெடியேய்! வெடியேய்!"

மிஷின் நின்றது. சம்மட்டிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஒதுக்கிடத்துக்கு ஓடி வந்தார்கள். தனக்கோடி கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"வெடிதான் முடிஞ்சு போச்சே, எவன்டா கொடி தூக்கினது?"

"நான்தான்." லோகநாதன் தூக்கிய கொடியைத் தாழ்த்தாமலே கீழே இறங்கினான். "லாசரஸு, உன் புக்கைத் திருடினவன் நான். குட்டையில போடத்தான் எடுத்துகினு போனேன். இந்தா, மடிச்சு வெச்ச பக்கத்தைப் படி. எல்லாருக்கும் கேக்கணும்."

லாசரஸ் படித்தான். கையில் கட்டோடு நின்ற கிளியம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். லோகநாதன் மடியிலிருந்த காகிதத்தை எடுத்துத் தனக்கோடியிடம் நீட்டினான்.

"கைநாட்டு கெடைக்காது மொதலாளி."

"எடைக்குப் போட்ட புக்கை வெச்சிகினு எனக்கே சட்டம் சொல்றியா? எனக்கு வக்கீல் இருக்கார்டா!"

"இருக்கட்டும். எங்களுக்கும் படிக்கத் தெரியுது."

கங்கையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்போ எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு நான் வெச்ச கைநாட்டு?"

"செல்லாதுக்கா. உன்னை வைக்கச் சொன்ன பாவி நான்தான்."

"அடப்பாவி! நாலு வருசமா உன்னைத் தெய்வமாக் கும்பிட்டுகினு இருந்தேனேடா!"

லாசரஸ் அவசரமாகப் பக்கம் புரட்டினான். "ரெண்டு வருசக் கெடு தாண்டிப் போச்சுக்கா. ஆனா லேட்டுக்குத் தகுந்த காரணம் இருந்தா ஆணையர் எடுத்துக்கலாம்னு போட்டுக்கீது. கெடைக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டுப் பாக்கலாம்."

"மிஷினைப் போடுங்கடா!" என்று கத்தினார் தனக்கோடி. "இல்லேன்னா நாளைக்கு ஒருத்தனும் உள்ள வர வேணாம்!"

யாரும் அசையவில்லை. தூக்கின கொடியை இறக்குகிறவரைக்கும் எவனும் மிஷினைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவரேதான்.

கிளியம்மாளுக்கும் கங்கையம்மாளுக்கும் மனு எழுத வேண்டும், காலையில் எல்லாருமாகச் சேர்ந்து போய்க் கொடுக்க வேண்டும் என்று பேச்சானது. மறுபடியும் லாசரஸைச் சுற்றித்தான் கூட்டம். லோகநாதனுக்கு வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. அந்த ஒல்லிப்பயலைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் புத்தகம் தன் கைக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று எரிந்தது. ஆனாலும் கொடியை இறக்கவில்லை. கை கடுக்கக் கடுக்க மாற்றி மாற்றிப் பிடித்தான்.

கங்கையம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமலே பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே" என்றாள். "கொடிக் கொம்பை இப்டிக் குடு. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."