மூடிய கையும் கூஃபா நகரத்துக் கல்யாணமும்

கூஃபா நகரத்து ரொட்டிக்காரர் ஹுதைலின் வலக்கை, ஒரு கலீபாவுக்காக அதிகாரியின் கையோடு கை வைத்து விசுவாச உறுதிமொழி கொடுத்ததும் மூடிக்கொள்ளும். அந்தக் கலீபா இறந்தால்தான் திறக்கும். தலைநகர் டமாஸ்கஸிலிருந்து இறப்புச் செய்தி குதிரையில் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். ஹுதைலின் விரல்களோ அந்த நொடியே விரிந்துவிடும். தொழிலுக்கு இதனால் குறையில்லை. முஷ்டியால் குத்திய ரொட்டியின் நடுவில் ஒரு குழி விழும், அதில் தேன் நன்றாகத் தங்கும்.

சங்கடம் மகள் லுப்னாவின் கல்யாணத்தில்தான் வந்தது. பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் வலக்கை கோத்தால்தான் ஒப்பந்தம். இடக்கையை நீட்டுவது அவமானம். மாப்பிள்ளை அய்யாஷ், ஆளுநர் மாளிகை அதிகாரி சிமாக்கின் மகன். முன்பெல்லாம் ஒரு கலீபா இறந்தால், அடுத்தவர் யார் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, சண்டையிட்டு, முடிவெடுக்கச் சில நாட்களாகும். அந்த இடைவெளியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இரு வீட்டாரும் காத்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போதுதான் புதிய ஆணை வந்தது: கலீபா உயிரோடிருக்கும்போதே, அடுத்துப் பட்டத்துக்கு வரப்போகும் அவர் மகனுக்கும் உறுதிமொழி கொடுத்துவிட வேண்டும். சிமாக் கடைக்கு வந்தார்.

"கையை நீட்டுங்க சம்பந்தி."

"நீட்டித்தான் இருக்கேன். மூடியிருக்கே."

"மூடின கை மேலயே வைக்கிறேன். அதுவும் கணக்குதான்."

அடுப்பருகிலிருந்து ஹுதைலின் மனைவி ரைத்தா சொன்னாள்: "வைங்க, வைங்க. உங்க மகன் கிழவனாகிற வரைக்கும் கல்யாணமாகாத மாப்பிள்ளையாவே இருக்கட்டும்."

"வைக்கலேன்னா என் தலை போயிடும்மா."

சிமாக் கை வைத்தார். முஷ்டிக்குள் இரண்டாவது தாழ் விழுந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

இனி கலீபா இறந்து முதல் தாழ் விலகினாலும், அவர் மகனுடைய தாழ் பிடித்துக்கொள்ளும். இடைவெளி என்பதே போய்விட்டது. ஆனால் லுப்னா பூட்டுகளைக் கழற்றிப் பார்த்தவள்.

"ஒரு தாழ் விலகி இன்னொண்ணு விழுறதுக்குள்ள ஒரு இமைப்பொழுது இருக்கும்ல? அது போதும்" என்றாள்.

அன்று முதல் அய்யாஷ் கடையில் முக்காலி போட்டு, மாமனாரின் முஷ்டிமேல் கை வைத்து உட்கார்ந்தான். இரண்டு சாட்சிகள் எதிரே ரொட்டி தின்றபடி இருந்தார்கள். பல மாதம் கழித்து ஒரு நண்பகலில் விரல்கள் விரிந்தன. அய்யாஷ் கையை நுழைத்தான். விரல்கள் மூடின. சாட்சிகள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சாட்சி சொன்னார்கள். கல்யாணம் செல்லுபடியானது. மாப்பிள்ளையின் கைதான் வெளியே வரவில்லை.

"புதுக் கலீபாவுக்கு உடம்பு எப்படி?" என்று லுப்னா தன் மாமனார் சிமாக்கைக் கேட்டாள்.

"நல்ல திடமா வேட்டைக்குப் போறாராம்."

"ம்."

படுக்கையறையில் ஒரு கனத்த திரை தொங்கவிடப்பட்டது. திரைக்கு அந்தப் பக்கம் ஹுதைல் காதில் பஞ்சோடு தூங்கினார். மருமகனும் மாமனாரும் சேர்ந்தே மாவு பிசைந்தார்கள். ரொட்டிக் குழி பெரிதானதால் வியாபாரமும் பெருகியது. பேரன் பிறந்தான்.

சில ஆண்டுகளில் அந்தக் கலீபாவும் இறந்தார். கை திறந்தது. அடுத்தவர் யாரென்று நாடே அடித்துக்கொண்டது. மூன்று பேருக்காக மூன்று பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து ஹுதைலிடம் கை கேட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். திறந்த உள்ளங்கையில் அய்யாஷின் கை, பழக்கத்தில், அப்படியே இருந்தது.

"கை காலியா இல்லைங்க" என்றார் ஹுதைல்.

வந்தவர்களும் பார்த்தார்கள். காலியாக இல்லைதான். ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.