ஜாய்சன் வீட்டுப் பூனை

திரேஸ்புரத்தில் சீலா மீன் பிடிப்பதில் ஜாய்சனுக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவன் மனைவி விஜிலாவின் தட்டில் நடுத்துண்டுச் சீலாதான் விழும். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் துண்டு இன்னும் பெரிதானது.

அதற்குத்தான் டாக்டரம்மா தடை போட்டார். “பெரிய சீலா, சுறா, மயில்மீன் எல்லாம் இப்ப வேண்டாம். கடல்ல இருக்கிற பாதரசம் பெரிய மீன் உடம்புலதான் அதிகம் சேரும். வயித்துப் பிள்ளையோட மூளைக்கு ஆகாது. அதுக்காக மீனையே விட்டுடாதீங்க. சாளை, நெத்திலின்னு சின்ன மீனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை சாப்பிடுங்க. புதுசா இருக்கணும், நல்லா வெந்திருக்கணும்.”

விஜிலாவுக்குச் சாளை என்றால் உயிர். முகம் சுருங்கியது ஜாய்சனுக்குத்தான்.

“ஊரு என்னளா சொல்லும்? சீலா பிடிக்கவன் புள்ளத்தாச்சிக்குச் சாளை வாங்கிப் போடுதான்னு சிரிக்க மாட்டாவளா?”

“ஊரா பெக்கப்போவுது?” என்றாள் விஜிலா.

மறுநாள் கடலிலிருந்து வந்ததும் அவன் மீன் விற்கும் பிளாரன்ஸ் அக்காவிடம் போனான். அக்காவுக்குத் தொண்டை பெரிது. ஒருவரிடம் பேசினால் நாலு படகுக்குக் கேட்கும்.

“அக்கா, கொஞ்சம் சாளை குடுங்க,” என்றான் ரகசியமாக.

“சாளையா? நீயா? யாருக்குலே?”

கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜாய்சன் வாயில் வந்ததைச் சொன்னான். “பூனைக்கு.”

“நீ எப்பலே பூனை வளத்த?”

“அதுவா வந்து சேந்துட்டு.”

பையை ஹெல்மெட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். விஜிலா குழம்பு வைத்துச் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த தடவையும் பூனை பெயரைச் சொல்லி வாங்கிவிட்டான். அதற்கடுத்த தடவை அவன் கேட்பதற்கு முன்பே பிளாரன்ஸ் ஒரு பையை நீட்டினாள். “பூனைக்குன்னே எடுத்து வச்சேன். காசு வேண்டாம், போ.”

வீட்டில் பையைப் பிரித்த விஜிலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். வயிறு வெடித்து, கண் உள்ளே போன பழைய மீன்.

“இத பூனைகூட மோந்து பாக்காது!”

“பூனைக்குன்னுதாம்ளா குடுத்தாவ,” என்று உளறிவிட்டான் ஜாய்சன். பிறகு முழுக்கதையும் வெளியே வந்தது. விஜிலா கோபமாகத்தான் கேட்க ஆரம்பித்தாள். முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு கரைக்கு நடந்தாள். பின்னாலேயே ஜாய்சனும் ஓடினான்.

“என்னக்கா மீன் இது?”

“அது உங்க பூனைக்குல்லா குடுத்தேன். உனக்குத்தான் உம்புருசன் சீலாவா கொண்டாரானே!”

“அந்தப் பூனை நாந்தான்கா.”

கரை முழுக்கச் சிரித்தது. பிளாரன்ஸ் சிரிப்பு தாங்காமல் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜாய்சன் பக்கத்துப் படகின் இன்ஜினை அதுவரை பார்த்தேயிராதவன் போல உற்றுப் பார்த்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாரன்ஸ் காரணம் கேட்டாள். விஜிலா டாக்டரம்மா சொன்னதைச் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றது.

“ஐயோ, எம்மருமவளுக்கும் மூணு மாசம்லா! நேத்துகூட ரெண்டு துண்டு சீலாவ வம்பா ஊட்டினேனே.”

“ஒருநா தின்னதுக்குப் பயப்படாதீங்க. இனிமே சின்ன மீனா குடுங்க. டாக்டரம்மாட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.”

பிளாரன்ஸ் உடனே புதுக் கூடையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு சாளையாகச் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்து, விஜிலாவுக்கு ஒரு பங்கும் மருமகளுக்கு ஒரு பங்கும் பிரித்தாள்.

அன்று தானே பொரிக்கிறேன் என்று அடுப்படியில் நின்றான் ஜாய்சன். திருப்பித் திருப்பிப் போட்டான். எடுக்கவே மனம் வரவில்லை. கடைசியில் சாளை கருவாடாகவும் இல்லாமல் கரியாகவும் இல்லாமல் தட்டுக்கு வந்தது.

“மீனைப் பொரிக்கச் சொன்னா விறகாக்கிட்டீயளே!”

“நல்லா வேகணும்னுல்லா சொன்னாவ?”

விஜிலா ஒன்றைக் கடித்தாள். முள்ளும் சதையும் ஒரே சத்தத்தில் நொறுங்கின. இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள்.

“அடுத்த தடவ சீக்கிரம் இறக்கிடுதேன்ளா,” என்றான் அவன்.

“ஆணியே புடுங்க வேண்டாம். நான் பொரிக்கேன். நீங்க குழம்புக்குத் தேங்கா அரைங்க.”